வெள்ளிக்கிழமைப் பானையில் ஒரு மீன் டின்

ஜூன் 2, திங்கள்

விடிய ஐந்தரை பஸ்ஸில் வதனியை ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். தண்ணீர்ப் பம்ப் கம்பனிக்காரர் ஜனவரியில் தந்த டயரி. ஐந்து மாதமாக மேசை ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் வைத்திருந்தேன். இப்போது எழுத எழுத மேசை ஆடுகிறது.

வதனி குடும்பநல மாது. பதினாறு வருஷமாகக் கொடிகாமத்தைச் சுற்றியுள்ள வயிற்றுப்பிள்ளைக்காரிகளின் வீடுகளுக்கு ஸ்கூட்டியில் போய்வருகிறாள். இப்போது மேற்பார்வைப் பதவி வந்திருக்கிறது. முதலில் கொழும்பில் ஆறு கிழமைப் பயிற்சி, அது முடிய மன்னாரில் ஒன்றரை வருஷ வேலை. பயிற்சிக்குப் போய்விட்டாள். மன்னாருக்குப் போவதா இல்லையா என்று ஜூலை பதினாலாம் திகதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கேதான் இடறுகிறது. இடறுகிற கல் நான்.

பஸ் வெளிக்கிடும்போது யன்னலால் தலையை நீட்டிச் சொன்னாள். "ஒவ்வொரு நாளும் என்ன சமைச்சனீங்கள் எண்டு எழுதி வையுங்கோ. வந்து பாப்பன்."

"நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும், வீடு தன்ர பாட்டில ஓடும்" என்றேன்.

பத்து மணிக்கு மச்சாள் வந்தாள். வதனியின் அக்கா திலகா, இரண்டு வளவு தள்ளி இருக்கிறாள். குசினிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஆறு கிழமை எப்பிடி ஓடுதெண்டு பாப்பம். பிறகெல்லோ மன்னார்."

மதியம்: சோறு, வதனி வைத்துவிட்டுப் போன கறி. இன்றைக்கு நான் வென்றுவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

சந்தையில் பாரைமீன் வாங்கினேன். மீன்காரி "வெட்டித் தரட்டோ?" என்று கேட்டாள். பக்கத்தில் மச்சாளின் சிநேகிதி நின்றபடியால் "வேண்டாம், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் பம்ப் கழற்றிப் பூட்டுகிறவனுக்கு ஒரு மீன் பெரிய காரியமா?

பெரிய காரியம்தான். பித்தப்பையை வெட்டிவிட்டேன். கறி வேப்பெண்ணெய் மாதிரிக் கைத்தது. சின்னவள் மிதுலாவுக்கு ஆறு வயது. ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, இந்த மீனுக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டாள்.

இரவு பாணும் பருப்பும்.

ஜூன் 5, வியாழன்

இன்று முதல் மீன் டின். பித்தப்பை இல்லாத மீன் உலகத்தில் அது ஒன்றுதான்.

திறந்தேன், தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்றினேன், மீனைக் கரண்டியால் கிண்டி எடுத்தேன். பாதி தூளாக வந்தது, பாதி டின் சுவரில் ஒட்டிக்கொண்டது. நடுமுள்ளை எல்லாம் பொறுக்கி எறிந்தேன். கடைசியில் மூன்று பேருக்கு ஒரு சின்னக் கோப்பை கறி. வெறும் டின்னை வெளியே வைத்ததும் அயல் பூனைகள் நாலு வந்தன. எங்களைவிட அவை நன்றாகச் சாப்பிட்டன.

பெரியவள் சாம்பவிக்குப் பதினாலு வயது, தாயைப் போலவே நியாயம் பேசுவாள். "அப்பா, இப்பிடியெண்டால் பூனைக்கு நேரடியா வாங்கிக் குடுக்கலாமே" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

வதனி போன் எடுத்தாள். என்ன சமையல் என்று கேட்டாள். முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய் வெள்ளைக்கறி, முட்டைப் பொரியல் என்றேன். அதில் முட்டை மட்டும் உண்மை.

"அக்கா சொன்னா, பிள்ளையள் மெலிஞ்சு போச்சுதாம்."

"உம்மட அக்காவுக்குக் கண்ணாடி மாத்த வேணும்."

பிறகு, "மன்னார் சரிவராது போல கிடக்கப்பா" என்றாள்.

"ஏன் சரிவராது? நீர் போறீர். இதில கதைக்க ஒண்டும் இல்லை" என்றேன். குரல் நல்ல உறுதியாகத்தான் வந்தது.

மதியம்: முட்டைப் பொரியல், மீன் டின். பூனைகள் ஐந்து.

ஜூன் 13, வெள்ளி

பருப்பு, கீரை, அப்பளம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. அதற்கென்று வதனியிடம் தனிப் பானை இருக்கிறது. மேல் தட்டில் துணி சுற்றி வைத்திருப்பாள். மீனோ முட்டையோ அதற்குக் கிட்டவும் போகக்கூடாது. அடி கொஞ்சம் பிடித்துவிட்டது, பருப்பைச் சொல்கிறேன். தேய்த்து, துடைத்து, திரும்பத் துணி சுற்றி வைத்தேன். இதில் மட்டும் நான் கவனம்.

ஜூன் 16, திங்கள்

மிருசுவிலில் இருந்து ஒரு பம்ப் வந்தது. பெயாரிங் கூட்டோடு இறுகிப்போய்க் கிடந்தது. அடித்தால் கூடு வெடிக்கும். வழக்கம்போல வெந்நீருக்குள் இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். வந்து கவிழ்த்ததும் பெயாரிங் பொத்தென்று கையில் விழுந்தது.

அப்போதுதான் மீன் டின் ஞாபகம் வந்தது. இவ்வளவு நாளும் நான் மீனைக் கரண்டியால் அடித்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

சரிவந்தது! விபரமாக எழுத வேண்டும்.

பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து அடுப்பால் இறக்கினேன். அடுப்பில் வைத்தபடி டின்னைப் போடக்கூடாது. மூடின டின்னைக் கொதிக்க விட்டால் என்ன நடக்கும் என்று பம்ப் திருத்துகிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறக்கின வெந்நீருக்குள் டின்னை முழுதாக அமிழ்த்தி வைத்தேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். எடுத்துத் துடைத்து, மேல் மூடியில் எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டேன். ஒன்றால் காற்றுப் போக மற்றதால் தண்ணீர் முழுவதும் கோப்பைக்குள் வந்துவிட்டது. பிறகு மூடியை வெட்டிக் கவிழ்த்தேன். மூன்று துண்டும் முழுசு முழுசாக வழுக்கி வந்தன. டின்னுக்குள் பார்த்தால் என் முகம் தெரிந்தது.

"பாத்தியா பிள்ளை? சூட்டுக்கு டின் விரியும். மீன் கழண்டிடும்."

"டின் விரியிறதில்லை அப்பா. சுவரில பிடிச்சிருக்கிற கொழுப்பு உருகுது. அவ்வளவுதான்" என்றாள் சாம்பவி. ஓ.எல். சோதினையில் கணக்கை இரண்டு தரம் கோட்டை விட்டவன் நான். விஞ்ஞானத்திலும் விட்டேன் என்பதை அவளுக்குச் சொல்லவில்லை.

கோப்பையில் இருந்த தண்ணீரைத் தேங்காய்ப்பாலோடு சேர்த்துச் சொதி வைத்தேன். மூவரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். பூனைகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

ஜூன் 19, வியாழன்

காலையில் சாம்பவி குசினிக்குள் இருந்து கத்தினாள். "அப்பா! நேற்று எந்தப் பானையில டின்னைப் போட்டனீங்கள்?"

வெள்ளிக்கிழமைப் பானையில்.

மற்றச் சட்டி பானை எல்லாம் தொட்டிக்குள் கழுவாமல் கிடந்தன. இது ஒன்றுதான் சுத்தமாக, துணிக்குள் பளபளவென்று இருந்தது. ஆழமும் அளவாக இருந்தது. கை தானாகப் போய்விட்டது. போதாக்குறைக்கு டின்னின் கடதாசியை உரிக்காமல் போட்டதால் பசை கரைந்து பானைக்குள் வட்டமாகப் பிடித்திருக்கிறது. மீன் படம் போட்ட கடதாசியில் ஒரு துண்டும் அதில் ஒட்டியிருக்கிறது.

சாம்பல், தும்பு, தேசிக்காய். ஒரு மணித்தியாலம் தேய்த்தேன். கடதாசி போய்விட்டது. பசை வட்டம் லேசாகத் தெரிகிறது.

பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினேன். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு சொல்லும் போகக்கூடாது. இந்தப் பானைக் கதை தெரிந்தால் வதனி மன்னாரை மறந்துவிடுவாள்.

ஜூன் 20, வெள்ளி

இன்று அந்தப் பானையில் சமைக்கலாமா, கூடாதா? காலையில் வழக்கு நடந்தது.

சாம்பவி: "டின் மூடித்தானே இருந்தது. மீன் தண்ணியில படேல்லை. தண்ணி மீனில படேல்லை. அப்ப பானை சைவம்தான்."

நான்: "ஆனால் உள்ளுக்க மீன் இருந்ததெல்லோ."

சாம்பவி: "அப்ப வெள்ளிக்கிழமை மீன் டின் விக்கிற கடையில பருப்பு வாங்கக்கூடாது."

மிதுலா: "மீனுக்குத் தெரியுமோ தான் பானைக்குள்ள இருந்தது?"

தீர்ப்பு வராததால் கடைக்குப் போன இடத்தில் நல்லதம்பி அண்ணையிடம் பொதுவாகக் கேட்டேன். "அண்ணை, ஒரு ஆள் மூடின மீன் டின்னை மரக்கறிப் பானைக்குள்ள வச்சிட்டான் எண்டு வையுங்கோ. பானை பழுதோ?"

அண்ணை தராசைப் பார்த்தபடி கேட்டார். "அந்த ஆளின்ர மனுசிக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப பானை பழுதில்லை. ஆள்தான் பழுது."

மதியம் பருப்பை மண்சட்டியில் வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

விசேஷமாக ஒன்றும் இல்லை. இரவு இரண்டு தரம் வாசல் கேற் சத்தம் கேட்டு எழும்பிப் போய்ப் பார்த்தேன். காற்று.

ஜூன் 30, திங்கள்

நான் இப்போது தேர்ந்த கை. நடுமுள்ளை எறிகிற காலம் போய்விட்டது. டின் மீனின் முள் வெந்து மாவாக இருக்கும். கரண்டியால் நசித்து, தேசிப்புளி, மிளகுத்தூள், சின்னதாக அரிந்த வெங்காயம் போட்டுப் பிசைந்தால் காலைப் பாணுக்குள் வைக்கலாம். கறி கொதிக்கிறபோது வெறும் டின்னுக்குள் கொஞ்சம் பழப்புளி கரைத்து ஊற்றி அலசிச் சட்டிக்குள் விட்டால் மிச்சச் சொட்டும் வந்துவிடும். ஒரு டின்னில் கறி, சொதி, அடுத்த நாள் பாண். பூனைகள் வருவதை நிறுத்திவிட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மச்சாள் உளவு பார்க்க வந்தாள். இருத்திச் சோறு போட்டேன். சாப்பிட்டாள், சொதி இரண்டாம் தரமும் விட்டாள்.

"ஆர் சமைச்சது?"

"நான்தான்."

"சும்மா சொல்லாதையும். சாம்பவி, நீயோடி?"

"நான் வெங்காயம் மட்டும்தான் பெரியம்மா."

மச்சாள் கை கழுவிவிட்டு, "உப்புக் கொஞ்சம் கூட" என்றாள். இந்தக் குடும்பத்தில் அதற்குப் பெயர் பாராட்டு.

ஜூலை 6, ஞாயிறு

வதனியின் போன். பயிற்சியில் இவள்தான் முதலாவதாம். அதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில், "ஏலாது எண்டு எழுதிக் குடுக்கப் போறன்" என்கிறாள்.

"விசரோ உமக்கு? பதினாறு வருஷம் வெய்யிலுக்குள்ள ஓடினனீர். ஒரு கதிரை தாறாங்கள், வேண்டாம் எண்டு சொல்லப் போறீரோ?"

"கதிரை மன்னாரில கிடக்கு. வீடு இஞ்ச கிடக்கு."

"வீட்டை நான் பாப்பன்."

"நீங்கள் பாப்பியள். உங்களை ஆர் பாக்கிறது?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 12, சனி

வந்துவிட்டாள். மிதுலா கழுத்தில் தொங்கினாள். சாம்பவி பெரிய மனுசி மாதிரிப் பையை வாங்கி வைத்தாள். நான் "பஸ் என்னமாதிரி? சனமோ?" என்று கேட்டேன். ஆறு கிழமைக்குப் பிறகு என் வாயில் வந்தது அதுதான்.

குசினியைப் பார்த்தாள். சட்டிகள் கழுவி அடுக்கியிருந்தன. மேல் தட்டில் பானை துணிக்குள் இருந்தது. ஒரு குறையும் பிடிக்க முடியவில்லை. பிறகு கதிரையில் இருந்து, "எழுதச் சொன்னன், எழுதினியளோ?" என்று கேட்டாள்.

"ஒரு கிழமையும் தவற விடேல்லை" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு டயரியை எடுத்துக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். இரண்டாம் வாளி தண்ணீரை ஊற்றும்போதுதான் ஞாபகம் வந்தது, பானைக் கதை முழுவதும் உள்ளே எழுதிக் கிடக்கிறது. பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினவன், பசையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தவன், என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். என்னைப்போல ஒருவனுக்கு எதிரி தேவையில்லை.

ஈர முகத்தோடு ஓடி வந்தேன். அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். எழும்பிப் பானையை இறக்கித் துணியை அவிழ்த்தாள். வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மணந்தும் பார்த்தாள்.

சாம்பவி இடையில் விழுந்தாள். "அம்மா, டின் மூடித்தான் இருந்தது."

"உன்ர வழக்கில நீ வெண்டிட்டாய், வாசிச்சனான்" என்றாள் வதனி. "நான் பிள்ளைப்பேறு பாத்திட்டு வந்த கையாலதான் வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்திறன். துடக்கு, தீட்டு எண்டு பாத்தால் எனக்கு வருஷம் முழுக்கத் துடக்கு. பானை கிடக்கட்டும்." பிறகு என்னிடம் திரும்பினாள். "ஆனால் கடதாசியை உரிச்சுப்போட்டுப் போடவேணும் எண்டுகூட ஒரு மனுசனுக்குத் தெரியாதே?"

உயிர் வந்தது. இரவு பிட்டும் முட்டைப் பொரியலும். அவள்தான் சமைத்தாள். நான் சும்மா குசினி வாசலில் நின்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

பானையில் தப்பினேன், வேறொன்றில் பிடிபட்டேன்.

காலையில் பிள்ளைகள் எழும்ப முன்னம் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"நான் போகேல்லையப்பா."

"பானைக்காகவோ?"

"பானையை விடுங்கோ. ஜூன் இருபத்திநாலாம் திகதி."

அது என்ன என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. டயரியைத் திறந்து காட்டினாள். இரண்டு வரிதான். அதை நான் சமையல் எழுத ஒன்றும் இல்லாதபடியால் எழுதினது.

"கேற் ஆடினதுக்கு ரெண்டு தரம் எழும்பிப் பாத்த மனுசனை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?"

"கள்ளன் எண்டு நினைச்சன்."

"ஓம், ஸ்கூட்டியில வாற கள்ளன்."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சர்க்கரை கூட. பிறகு சொன்னேன். "இஞ்ச பாரும். நான் எழும்புறது என்ர பழக்கம். உமக்கு அந்த வேலை பிடிக்குமோ பிடிக்காதோ? அதை மட்டும் சொல்லும்."

பயிற்சியில் ஒரு நாள் இருபது புது மாதுமாருக்கு முன்னால் நின்று வகுப்பு எடுக்க விட்டார்களாம். முதலில் குறிப்பைப் பார்த்தே வாசித்தாளாம். பத்து நிமிஷத்தில் அதை மூடி வைத்துவிட்டாளாம். அதில் ஒரு பிள்ளை கேள்வி கேட்க, இவள் சொன்ன பதிலை எல்லோரும் கொப்பியில் எழுதினார்களாம். இதைச் சொல்லும்போது அவளின் முகத்தை நான் பார்த்தேன். கலியாணம் முடித்துப் பதினேழு வருஷம். அந்த முகத்தை முதற்தரம் பார்க்கிறேன்.

"அப்ப கதை முடிஞ்சுது. போம்" என்றேன்.

"சும்மா போம் போம் எண்டு சொல்லாதேங்கோ. நான் யோசிச்சு எழுதுறன்."

மதியம் நான் சமைப்பதாகச் சொன்னேன். வதனி மர வாங்கில் இருந்துகொண்டு பார்த்தாள். சாம்பவி கடதாசி உரித்தாள், மிதுலா "தேத்தண்ணி நேரம், தேத்தண்ணி நேரம்" என்று பானையைச் சுற்றி ஓடினாள். அது மச்சப் பானைதான், இரண்டு தரம் பார்த்துவிட்டேன். ஓட்டை போட்டு, தண்ணீர் இறக்கி, மூடியை வெட்டிக் கவிழ்த்தேன். மூன்று துண்டும் வழுக்கி வந்தன. வதனி எழும்பி வந்து டின்னைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தாள்.

"ஒண்டும் ஒட்டேல்லை."

"ஒட்டாது."

சாப்பிடும்போது நடுமுள்ளை எடுத்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டாள். "கல்சியம்" என்றாள். வேலைப் புத்தி. பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டாள்.

"இது ஒரு ஆளுக்கும் சரிவருமோ?"

நான் நல்ல கேள்வி என்று நினைத்து விபரமாகச் சொன்னேன். ஒரு ஆளுக்கு ஒரு முழு டின் கூடிப்போகும். பாதியைக் கறி வைத்துவிட்டு மிச்சத்தை டின்னோடு வைக்கக்கூடாது, கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத இடமென்றால் சின்ன டின் வாங்குவது நல்லது. சின்ன டின் சூடேற அரைத் தேத்தண்ணி நேரம் போதும்.

"அரைத் தேத்தண்ணி" என்று அவள் திருப்பிச் சொன்னாள். சாம்பவி தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். பிள்ளைக்கு என்ன யோசனையோ.

பின்னேரம் வதனி மேசையில் இருந்து கடிதம் எழுதினாள். இரண்டு தாளைக் கிழித்தாள். மூன்றாவதை மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டாள்.

"நாளைக்கு எனக்குக் கிளினிக், நிறை பாக்கிற நாள். ஐம்பது பிள்ளையள் வரும். நீங்கள் யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சுகாதாரப் பணிமனையில குடுங்கோ."

"என்ன எழுதினனீர்?"

"சொன்னால் நீங்கள் ஏதேனும் சொல்லுவியள். குடுத்தால் காணும்."

ஜூலை 14, திங்கள்

ஏழரை பஸ். யன்னல் ஓர இருக்கை கிடைத்தது. உறையைச் சட்டைப்பையில் வைத்தேன், வியர்வை படும் என்று கையில் எடுத்தேன், கை ஈரம் என்று திரும்பப் பைக்குள் வைத்தேன்.

இதை வதனி வாசிப்பாள் என்று தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன். நாவற்குழிப் பாலத்தில் பஸ் போகும்போது உறையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, தடித்த உறை. "ஏலாது" என்று எழுதியிருந்தால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குப் பிறகு, அந்த இருபது பேருக்கு முன்னால் நின்ற கதையைச் சொன்னபோது இருந்த முகம் ஞாபகம் வந்தது. உறையைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினேன்.

பணிமனையில் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் நாலு பேர். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி உறையை வாங்கி வெட்டி, கடிதத்தை விரித்து வாசித்தாள். நான் கூரையில் சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன். அதன் பெயாரிங் தேய்ந்துவிட்டது, சத்தத்திலேயே தெரிந்தது.

"நீங்கள் வதனி மிசியின்ர ஆரு?"

"மனுசன்."

"ஏற்றுக்கொண்டிருக்கிறா. ஓகஸ்ட் முதலாம் திகதி மன்னாரில வேலை பாரமெடுக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினாள். நான் இரண்டு தரம் நன்றி சொன்னேன். சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லையென்றால் அது என்ன?

"வாழ்த்துச் சொன்னனெண்டு சொல்லுங்கோ" என்றாள். பிறகு சும்மா கதைக்குக் கேட்டாள். "பிள்ளையள் சின்னனோ? அப்ப வீட்டில ஆர் சமையல்?"

"நான்தான்."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பின்னால் நின்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலாம் திகதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.